பல்லுக்குக் கம்பி போடுவதற்கு முன் போட வேண்டிய கணக்கு

காரைக்குடியில் மொத்த வியாபாரக் கடை ஒன்றில் கணக்கு எழுதுவது என் தொழில். மகளுக்குப் பதின்மூன்று வயதானபோது, மேல்வரிசைப் பற்கள் தூக்கலாகவும் கீழ்வரிசைப் பற்கள் ஒன்றன்மேல் ஒன்று ஏறியும் நின்றதால் கம்பி போடத் தீர்மானித்தோம். இரண்டு இடங்களில் விசாரித்து, குறைந்த தொகை சொன்ன இடத்தில் முன்பணம் கட்டினோம். அந்த முடிவு எங்கே பிசகியது என்பது ஏழு மாதம் கழித்தே எனக்குப் புரிந்தது. இனி விசாரிக்கப் போகும் பெற்றோருக்கு உதவும் என்பதால் அதை முறையாக எழுதி வைக்கிறேன்.

முதலில் பார்க்க வேண்டியது விலையை அன்று, கம்பியைக் கையாளப்போகும் மருத்துவரை. பல் மருத்துவத்தில் அடிப்படைப் பட்டமான பி.டி.எஸ். பயிற்சிக் காலத்தையும் சேர்த்து 5 ஆண்டுப் படிப்பு. அதற்குமேல், கம்பி போடும் துறையான பல் சீரமைப்பை மட்டும் 3 ஆண்டுகள் படித்தவரே அத்துறையில் எம்.டி.எஸ். பெற்றவர். பெயர்ப்பலகையில் எம்.டி.எஸ். என்று இருந்தால் மட்டும் போதாது. ஈறு, வேர் சிகிச்சை, குழந்தைகள் பல் மருத்துவம் எனப் பல துறைகளிலும் அதே பட்டம் உண்டு என்பதால், எந்தத் துறையில் என்று கேட்க வேண்டும். தமிழ்நாடு பல் மருத்துவக் கவுன்சிலின் பதிவு எண்ணையும் தயங்காமல் கேட்கலாம். முறையாகப் படித்தவர் யாரும் இந்தக் கேள்விக்குக் கோபித்துக்கொள்வதில்லை.

அடுத்த கேள்விதான் எங்கள் ஊர்ப்பக்கத்தில் மிக முக்கியமானது. காரைக்குடி, தேவகோட்டை, பள்ளத்தூர் போன்ற ஊர்களில் பல் மருத்துவமனைகள் பல இருந்தாலும், சில இடங்களில் சீரமைப்பு நிபுணர் மதுரையிலிருந்தோ திருச்சியிலிருந்தோ மாதம் ஒன்றிரண்டு நாள் மட்டும் வந்து பார்த்துவிட்டுப் போகிறார். இந்த ஏற்பாட்டில் தவறில்லை. நல்ல நிபுணர்கள் பலர் இப்படித்தான் சிறு ஊர்களுக்கு வருகிறார்கள். ஆனால் சிகிச்சை முடியும்வரை அவரே வருவாரா, அவர் வராத நாளில் கம்பி நுனி கன்னத்தைக் குத்தினால் யார் பார்ப்பார்கள் என்ற இரண்டையும் முன்கூட்டியே தெளிவுபடுத்திக்கொள்ள வேண்டும். நான் கேட்கவில்லை. ஏழாம் மாதத்தில் அந்த நிபுணர் வருவது நின்றது. அடுத்து வந்தவர் இரண்டு மாதத்தில் மாறினார். மூன்றாவதாக வந்தவர், எடுக்காமல் விட்ட பற்களை எடுக்க வேண்டும் என்று திட்டத்தையே மாற்றினார். வேறிடத்துக்குப் போகலாம் என்று முதலில் எடுத்த எக்ஸ்ரேக்களையும் பல் அச்சுகளையும் கேட்டபோது, அவை இல்லை என்று பதில் வந்தது. அன்று மாலை வீட்டு வாசல் திண்ணையில் அமர்ந்து, உதட்டின் உட்புறம் புண்ணாகிப்போன இடத்தில் கம்பி உரசாமலிருக்க மெழுகை உருட்டி ஒட்டிக்கொண்டிருந்த மகளின் முகத்தை நான் மறக்கவில்லை. ஆகவே முதல் நாளிலேயே எல்லாப் பதிவுகளுக்கும் ஒரு பிரதி கேட்டு வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

அந்தப் பதிவுகள் எவை என்பதும் தெரிந்திருக்க வேண்டும். தாடை முழுவதையும் காட்டும் ஓ.பி.ஜி. எக்ஸ்ரே, மண்டையைப் பக்கவாட்டில் எடுக்கும் செபலோகிராம், பல்வரிசையின் அச்சு அல்லது ஸ்கேன், முகத்தின் புகைப்படங்கள் ஆகியவற்றைப் பார்த்த பிறகே கோணல் பல்லில் இருக்கிறதா தாடை எலும்பில் இருக்கிறதா என்று நிபுணரால் உறுதியாகச் சொல்ல முடியும். இவை எதுவும் இல்லாமல், வாயைத் திறக்கச் சொல்லி ஒரு நிமிடம் பார்த்துவிட்டுத் தொகையையும் மாதத்தையும் அடித்துச் சொல்பவரிடம் அவசரப்பட வேண்டாம். ஆறே மாதத்தில் முடித்துத் தருகிறேன் என்ற வாக்கையும் அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம். பல்லைச் சுற்றியுள்ள எலும்பு ஒரு பக்கம் கரைந்து மறுபக்கம் வளர்ந்தால்தான் பல் நகரும். மாதத்துக்கு ஏறத்தாழ 1 மில்லிமீட்டர்தான் அதன் நடை. முழுச் சிகிச்சைக்குப் பொதுவாக ஒன்றரை முதல் இரண்டு ஆண்டுகள் ஆகும். அளவுக்கு மிஞ்சிய விசை கொடுத்தால் பல்லின் வேர் கரையும் அபாயம் கூடும்.

இனிப் பணம். சொல்லப்படும் தொகை வேறு, கடைசியில் செலவாகும் தொகை வேறு. உள்ளூரில் எங்களிடம் சொன்னது 28,000 ரூபாய். அதில் சேராதவற்றைப் பின்னர் வரிசையாக எழுதிப் பார்த்தேன்: எக்ஸ்ரேக்களுக்கு 1,200, பல் சுத்தம் செய்ய 1,000, நான்கு பற்கள் எடுக்க 4,000, பற்கள் பழைய இடத்துக்குத் திரும்பாமலிருக்க முடிவில் அணியும் ரிடெய்னர் இரண்டுக்கு 5,000. ஆக 39,200 ரூபாய். பிராக்கெட் என்பது கம்பியைப் பிடித்துக்கொள்ளப் பல்லில் ஒட்டும் சிறு துண்டு; கழன்று விழும் ஒவ்வொன்றுக்கும் 300 ரூபாய் தனி. மதுரையில் சொன்ன 42,000 ரூபாயில் இவை அனைத்தும் அடக்கம். ஆனால் அங்கே போய்வர இருவருக்குப் பேருந்துக் கட்டணமும் சாப்பாடுமாக ஒரு தடவைக்கு 600 ரூபாய் என்றால், 24 தடவைக்கு 14,400 ரூபாய் கூடுகிறது. அரைநாள் பள்ளியும் என் ஒருநாள் சம்பளமும் வேறு. இப்படி எழுதிப் பார்த்தால் உள்ளூர் மலிவும் அன்று, வெளியூர் மலிவும் அன்று என்பது தெரியும். ஆளையும் தொடர்ச்சியையும் வைத்து முடிவெடுக்கும் இடம் அங்கேதான் வருகிறது. என்னைக் கேட்டால், ஒரே நிபுணர் கடைசிவரை பார்ப்பார் என்ற உறுதிக்காகப் பத்தாயிரம் ரூபாய் கூடுதலாகக் கொடுப்பது தகும்; வெள்ளை நிறப் பிராக்கெட்டுக்காக அதே தொகையைக் கொடுப்பது அவசியமில்லை. செராமிக் பிராக்கெட் வெளியே அவ்வளவாகத் தெரியாது என்பது உண்மையே, ஆனால் உலோகத்தைவிட எளிதில் உடையும். கம்பியைத் தானே பூட்டிக்கொள்ளும் பிராக்கெட் சிகிச்சைக் காலத்தை வெகுவாகக் குறைக்கும் என்பதும் ஆய்வுகளில் உறுதிப்படவில்லை.

கம்பிக்குப் பதிலாகப் பல்வரிசைமேல் உறைபோலக் கழற்றி மாட்டும் அலைனர்களுக்குச் செலவு இன்னும் கூடும். நாளுக்கு 20 முதல் 22 மணி நேரம் அணியாவிட்டால் பலனில்லை. மருத்துவரை நேரில் பார்க்காமல் அஞ்சலில் வரவழைக்கும் அலைனர் வேண்டவே வேண்டாம். அப்படி அலைனர் அனுப்பிவந்த அமெரிக்காவின் ஸ்மைல்டைரக்ட்கிளப் நிறுவனம் 2023 டிசம்பரில் மூடப்பட்டபோது, பாதிச் சிகிச்சையில் இருந்தவர்கள் நட்டாற்றில் நின்றார்கள்.

கையில் பணம் குறைவாக இருப்பவர்கள் பல் மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளை விசாரிக்கலாம். சீரமைப்புத் துறையில் முதுநிலைப் படிப்பு உள்ள கல்லூரிகளில், பேராசிரியர் மேற்பார்வையில் மாணவர்கள் குறைந்த கட்டணத்தில் கம்பி போடுகிறார்கள். காத்திருப்பு அதிகம், ஆனால் திட்டம் பல கண்களுக்குத் தப்பாது. மதுரையில் பல் மருத்துவக் கல்லூரிகள் உள்ளன. புதுக்கோட்டையிலும் 2023-இல் அரசு பல் மருத்துவக் கல்லூரி தொடங்கப்பட்டது. அங்கே சீரமைப்புப் பிரிவில் எந்தச் சிகிச்சைகள் நடக்கின்றன என்று கேட்டுவிட்டுப் போவது நல்லது.

பேசி முடித்ததை மருத்துவமனையின் தாளிலேயே எழுதி வாங்குங்கள்: மொத்தத் தொகை, அதில் அடங்குபவை, தவணைகள், நடுவில் நிறுத்தினால் திருப்பித் தரும் தொகை. முழுப் பணத்தையும் முன்னதாகக் கட்ட வேண்டாம். மாதத் தவணையே இரு தரப்புக்கும் பாதுகாப்பு. பண்டிகைக் காலத்தில் சீப்புச்சீடையும் தட்டையும் கடலை மிட்டாயும் கடித்துப் பிராக்கெட்டைக் கழற்றிவிடாமல் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்வது நம் பொறுப்பு; முறுக்கு ஆசையை நொறுக்கிக் கொடுத்துத் தீர்க்கலாம்.

கடைசியாக ரிடெய்னர். கம்பியைக் கழற்றிய பின் பற்கள் பழைய இடத்துக்குத் திரும்பப் பார்க்கும். ஈறின் நார்கள் புதிய இடத்தில் படிய மாதக்கணக்கில் ஆகும். எனவே ரிடெய்னரையும் அதற்குப் பிந்தைய பரிசோதனைகளையும் பற்றிப் பேசாத செலவு மதிப்பீடு முழுமையான மதிப்பீடு ஆகாது. என் மகள் உறவுக்காரர் கல்யாணப் பந்தியில் ரிடெய்னரைக் கழற்றி இலையோரம் வைத்தாள். இலையோடு சேர்ந்து அதுவும் போயிற்று. புதிதாகச் செய்ய 2,500 ரூபாய் ஆனது. அதன்பின் ஒரு சிறு டப்பாவும் கையோடு வருகிறது. தொலைந்தால் மாற்றிச் செய்ய என்ன விலை என்பதையும் அந்த முதல் நாள் தாளிலேயே எழுதச் சொல்லுங்கள்.