செயலி எழுதுவோரே, லாக்கேட்டில் இந்த வரியைத் தேடுங்கள்

கும்பகோணம், மன்னார்குடி பக்கம் நெல் கொள்முதலுக்கும் ஆற்றுநீர் முறைக்கும் செயலி எழுதும் தம்பி தங்கைகளுக்கு ஒரு குறிப்பு. ஆண்ட்ராய்டின் ஆவணத்தில் இல்லாத உள் மெத்தடை (நிரலின் செயல்பாட்டுத் துண்டை) ரிஃப்ளெக்‌ஷன் (ஓடும்போதே பெயரைச் சொல்லித் தேடி அழைக்கும் முறை) வழியாக எட்டிப்பிடிக்காதீர்கள். 2018-இல் வந்த ஆண்ட்ராய்டு 9 முதல் இதற்குக் கட்டுப்பாடு உண்டு. தடைப் பட்டியல் பதிப்புக்குப் பதிப்பு மாறுகிறது. தடுக்கப்பட்ட மெத்தட், இல்லாத மெத்தடாகவே நடந்துகொள்ளும். பிழையைக் கையாளாவிட்டால் செயலி நின்றுவிடும். உங்கள் பழைய கைப்பேசியில் ஓடுகிறதே என்று நம்பிவிடாதீர்கள். குறுவை அறுவடை முடிந்து, புதுக் கைப்பேசியுடன் கொள்முதல் நிலையத்தில் நிற்கும் விவசாயிக்கு அது நின்றால் எவ்வளவு அலைச்சல்!

சில மெத்தடுகள், செயலி எந்த ஆண்ட்ராய்டு பதிப்பைக் குறிவைக்கிறது என்று சொல்லும் டார்கெட் எஸ்டிகே எண்ணை உயர்த்தியதும்தான் தடைபடும். ஆகவே எண்ணை உயர்த்தி, டீபக் பில்டை (சோதனைப் பதிப்பை) ஓடவிட்டு, ஆண்ட்ராய்டின் பதிவுகளைக் காட்டும் லாக்கேட்டில் ‘ஆக்சஸிங் ஹிட்டன்’ என்று ஆங்கில எழுத்தில் தேடுங்கள். எந்த மெத்தட் என்பது அந்த வரியிலேயே இருக்கும். குற்றவாளி பெரும்பாலும் நாம் சேர்த்த பழைய லைப்ரரிதான் (பிறர் எழுதிய நிரல் தொகுப்பு) என்பது என் எண்ணம். செயலியின் நிறுவல் கோப்பான ஏபிகேயை அலசும் வெரிடெக்ஸ் கருவி அதையும் காட்டும். ஐபோனுக்கு எழுதுவோர் கவனிக்க: பொது ஏபிஐ (செயலிகளுக்கென வெளிப்படையாகத் தந்த நிரல் இடைமுகம்) மட்டுமே என்பது ஆப் ஸ்டோர் விதி. ஆண்ட்ராய்டில் மாற்றுப் பொது ஏபிஐ கிடைக்காவிட்டால், குறைகளையும் கோரிக்கைகளையும் பதியும் கூகுளின் இஷ்யூ டிராக்கரில் கேட்டு எழுதுங்கள்.