ஜெபம் வராத நாட்களில் எனக்குக் கைகொடுத்தது

கணவர் தவறியபின் எனக்கு ஜெபமே வரவில்லை. முழங்கால் போட்டால் வட்டிக்காரர் முகமும் பிள்ளைகளின் பீஸும்தான் கண்முன் நிற்கும். ஆறுதல் சொல்ல வந்தவர்கள் "எல்லாம் நன்மைக்கே" என்றபோது நெஞ்சு இன்னும் கனத்தது.

என்னைத் தூக்கி நிறுத்தியது வேதாகமத்தில் 1 இராஜாக்கள் புத்தகத்தின் 19ஆம் அதிகாரம். எலியா தீர்க்கதரிசி சூரைச்செடியின்கீழ் படுத்துக்கொண்டு, போதும் கர்த்தாவே என்று சாவைக் கேட்கிறார். தேவன் அவரைக் கடிந்துகொள்ளவில்லை. தூதன் தட்டி எழுப்பி, தழலில் சுட்ட அடையும் தண்ணீரும் கொடுக்கிறான். எலியா சாப்பிட்டுவிட்டு மறுபடி படுத்துக்கொள்கிறார். தூதன் திரும்பவும் வந்து சாப்பிடச் சொல்கிறான். அப்புறம்தான் ஓரேப் மலைக்கு நாற்பது நாள் நடை. இதை வாசித்த அன்றிரவு நானும் ரசம் சோறு பிசைந்து வயிறாரச் சாப்பிட்டுத் தூங்கினேன்.

சொந்த வார்த்தை வராததால் வேதாகமத்தின் ஜெபப் பாட்டுகளான சங்கீதங்களைச் சத்தமாக வாசித்தேன். மனதுக்குள் வாசித்தால் கவலை குறுக்கே வந்துவிடும். 13ஆம் சங்கீதம் "எதுவரைக்கும்" என்று கேட்டுத் தொடங்கி, ஆறே வசனத்தில் பாட்டாக முடிகிறது. 88 அப்படி முடிவதில்லை, ஆறுதலே இல்லாமல் நின்றுவிடுகிறது. அப்படியொரு ஜெபமும் வேதத்தில் இருப்பதுதான் எனக்குப் பெரிய தெம்பு.

கடன் விவரத்தைத் தாளில் எழுதிச் சபைப் போதகரான ஐயரிடம் காட்டினேன். சபையின் பெண்கள் ஐக்கியத்து அக்கா ஒருவர் தவணை பேசக் கூடவே வந்தார். கடன் இன்னும் முடியவில்லை. மாதாமாதம் கட்டிக்கொண்டிருக்கிறேன், ஜெபிக்கவும் செய்கிறேன்.