இரண்டு கார்புரேட்டரும் ஒரே சீராக மூச்சு விட: எம்ஜிபி காருக்கு எஸ்யூ ட்யூனிங்

ஏப்ரல் பிறந்தால் எங்கள் கிளப்பில் எல்லார் வீட்டிலும் பானெட் திறந்தே இருக்கும். அந்த மாதப் பிற்பகுதியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, பிரிட்டன் முழுக்கப் பழைய கார் வைத்திருப்பவர்கள் வண்டியைச் சாலைக்குக் கொண்டுவருவார்கள். டிரைவ் இட் டே என்று பெயர். 1900 ஏப்ரல் 23 அன்று லண்டனிலிருந்து கிளம்பி எடின்பரோ போய்த் திரும்பிய ஆயிரம் மைல் ஓட்டத்தின் நினைவு நாள் அது. அன்று நடுவழியில் நின்றுபோகக் கூடாது என்பதற்காகத்தான் இவ்வளவு பாடும்.

என்னுடையது 1967 எம்ஜிபி, மூடுதுணி வைத்த இரு சீட்டர். ஆக்ஸ்ஃபோர்டுக்குத் தெற்கே அபிங்டனில் 1962 முதல் 1980 வரை செய்த வண்டி. 1798 சிசி, நாலு சிலிண்டர், பி-சீரிஸ் இன்ஜின். நம்மூர் அம்பாசிடரில் ஓடிய 1489 சிசி இன்ஜினும் இதே குடும்பம்தான். எம்ஜிபியிலோ எஸ்யூ கம்பெனியின் எச்எஸ்4 கார்புரேட்டர் (பெட்ரோலையும் காற்றையும் கலக்கும் பாகம்) இரண்டு உட்கார்ந்திருக்கும். கீழே சொல்வது அந்த எச்எஸ்4-க்கு. 1970களில் வந்த எச்ஐஎஃப் வகையில் ஜெட் (பெட்ரோல் வரும் சிறு குழல்) சரிசெய்யும் இடமே வேறு, அதற்கு இதைப் பின்பற்றாதீர்கள்.

முதலில் இக்னிஷன்

வால்வு இடைவெளி, டிஸ்ட்ரிபியூட்டருக்குள் இருக்கும் பாயின்ட் இடைவெளி (0.015 இன்ச்), பிளக் இடைவெளி (0.025 இன்ச்), டைமிங் நாலையும் முடித்துவிட்டு வாருங்கள். இவை சரியில்லாமல் கார்புரேட்டரைத் தொட்டால் அன்றைய பகல் வீண். ஸ்பேனர் இன்ச் அளவில், ஏஎஃப் (நட்டின் எதிரெதிர்ப் பக்கங்களுக்கு இடையிலான அளவு) செட்டாக வாங்குங்கள். மில்லிமீட்டர் ஸ்பேனரை வைத்துச் சமாளித்தால் நட்டின் முனைகள் மழுங்கிவிடும்.

பிஸ்டனும் எண்ணெயும்

ஏர் ஃபில்டர் இரண்டையும் கழற்றுங்கள். கார்புரேட்டருக்குள் இருக்கும் பிஸ்டனை விரலால் தூக்கி விட்டால், தடையில்லாமல் இறங்கி அடியில் "டக்" என்று தட்ட வேண்டும். இரண்டும் ஒரே மாதிரி தட்ட வேண்டும். ஒன்று மட்டும் சத்தமில்லாமல் பாதியில் நின்றால் பிஸ்டனில் தொங்கும் ஊசி ஜெட்டில் உரசுகிறது, ஜெட்டை நடுவில் நிறுத்திய பிறகுதான் அடுத்த வேலை. டாஷ்பாட்டில் (பிஸ்டனுக்கு மேலே எண்ணெய் நிற்கும் இடம்) 20டபிள்யூ-50 இன்ஜின் ஆயிலே போதும். மூடியைச் செருகும்போது, மரை பிடிக்க இன்னும் 6 மில்லிமீட்டர் இருக்கையிலேயே கை எதிர்ப்பை உணர்ந்தால் அளவு சரி.

என்னைத் தடுக்கிவிட்ட இடம்

இங்கேதான் மூன்று சனிக்கிழமைகள் போயின. வண்டி ஐடிலிங்கில் (ஆக்ஸிலரேட்டரை மிதிக்காமல் ஓடும்போது) "பக் பக்" என்று கறுப்புப் புகை விடும். ஜெட்டின் அடியில் இருக்கும் மிக்ஸர் நட்டை (பெட்ரோல் கலவையை மாற்றுவது) மேலே ஏற்றுவேன், கொஞ்சம் அடங்கும். பத்து மைல் ஓட்டி வந்தால் மறுபடி அதே கதை. பிளக்கைக் கழற்றிப் பார்த்தால் முதல் இரண்டில் அடுப்புக்கரி போலப் புகை படிந்திருக்கும், பின் இரண்டும் அழகான பிஸ்கட் நிறம். முன் கார்புரேட்டர் முதல் இரண்டு சிலிண்டருக்கு, பின்னது மற்ற இரண்டுக்கு. கோளாறு முன்னதில் என்பது அப்போதே எனக்குத் தெரிந்துவிட்டது. எது கோளாறு என்பதுதான் தெரியவில்லை.

மாதம் ஒருமுறை ஊர் பப்பின் கார் பார்க்கில் கிளப்காரர்கள் கூடுவோம். அங்கே ஒரு பெரியவர், நாற்பது வருஷத்துக்கு மேலாக ஒரே எம்ஜிபியை வைத்திருப்பவர், டார்ச்சைக் கையில் வாங்கிக்கொண்டு குனிந்தார். "சோக்கை முழுக்க உள்ளே தள்ளு. இப்போ அந்த ஜெட்டைக் கீழேயிருந்து விரலால் அழுத்து" என்றார். பெட்ரோல் குழாய் வந்து சேரும் அந்தக் கறுப்புப் பிளாஸ்டிக் தலையை அழுத்தினேன். மேலே நகர்ந்தது! நகரவே கூடாது. சோக் உள்ளே இருக்கும்போது ஜெட் நட்டில் முட்டி நிற்க வேண்டும். பின் கார்புரேட்டரில் அப்படித்தான் நின்றது.

சோக்கை இழுத்தால் ஜெட் கீழே இறங்கிப் பெட்ரோல் கூடும். அப்படி இரண்டு ஜெட்டையும் ஒன்றாக இழுக்க நடுவே ஒரு தண்டு போகும். முன்பு யாரோ அதன் கிளாம்ப்பை இறுக்கியபோது முன் ஜெட் துளி கீழே இருந்திருக்கிறது. அதனால் முன் கார்புரேட்டர் எந்நேரமும் பாதி சோக்கில் ஓடியிருக்கிறது. நான் திருகிய நட் ஜெட்டைத் தொடவே இல்லை.

ஆகவே, வேறு எதையும் திருகும் முன் இதைச் செய்யுங்கள். தண்டின் கிளாம்ப்பைத் தளர்த்தி, இரண்டு ஜெட்டையும் விரலால் மேலே தள்ளி, நட்டில் முட்டுவதை உறுதி செய்துகொள்ளுங்கள். சோக் கேபிளில் ஒன்றரை மில்லிமீட்டர் தொய்வு இருக்கட்டும். இருந்தால்தான் குமிழை உள்ளே தள்ளும்போது ஜெட் முழுசாக வீட்டுக்குத் திரும்பும்.

தொடக்க அளவு

ஆக்ஸிலரேட்டர் தண்டின் கிளாம்ப்பையும் தளர்த்துங்கள். இரண்டு கார்புரேட்டரும் தனித்தனியாக இயங்க வேண்டும். தளர்த்த மறந்தால் ஒன்றைத் திருக இன்னொன்றும் கூடவே வரும். ஐடிலிங் ஸ்க்ரூவை முழுக்கப் பின்வாங்கி, தொடும் இடத்திலிருந்து ஒரு சுற்று உள்ளே. ஜெட் நட்டை, ஜெட்டின் வாய் பிஸ்டன் வந்து தட்டும் தளத்தோடு சமமாகும் வரை மேலே ஏற்றி, அங்கிருந்து இரண்டு முழுச் சுற்று கீழே இறக்குங்கள். நட்டுக்கு ஆறு பக்கம், ஆக பன்னிரண்டு பக்கம். எண்ணிக்கை தவறினால் முதலிலிருந்து எண்ணுங்கள்.

காற்றைச் சமமாக்குதல்

இன்ஜின் நன்றாகச் சூடான பிறகு, இரண்டு அடி ரப்பர் குழாயை எடுத்து ஒரு முனையைக் காதிலும் மறுமுனையை ஒவ்வொரு கார்புரேட்டரின் வாயிலும் வையுங்கள். "ஸ்ஸ்ஸ்" என்ற சீறல் இரண்டிலும் ஒரே அளவில் கேட்கும் வரை ஐடிலிங் ஸ்க்ரூக்களைத் திருகுங்கள். காற்று அளக்கும் மீட்டரும் வாங்கி வைத்திருக்கிறேன், நல்ல சாமான்தான். ஆனாலும் புதியவர்கள் குழாயில் தொடங்க வேண்டும் என்பேன். காது பழகிவிட்டால், ஓட்டும்போதே வித்தியாசம் தெரிந்துவிடும். ஃபேன் பக்கம் குழாயும் சட்டைக் கையும் போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

மிக்ஸர்

கார்புரேட்டரின் பக்கவாட்டில் அடியில் ஸ்பிரிங் வைத்த சிறு குச்சி இருக்கும். அதை மெல்ல மேலே அழுத்தி பிஸ்டனை ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவாகத் தூக்குங்கள். வேகம் கூடி அப்படியே நின்றால் பெட்ரோல் அதிகம், நட்டை மேலே ஏற்றுங்கள். உடனே திணறி அணைந்தால் பெட்ரோல் குறைவு, கீழே இறக்குங்கள். ஒரு கணம் லேசாக ஏறிப் பழையபடி அடங்கினால் அதுதான் சரி. ஒரு தடவைக்கு நட்டின் ஒரு பக்கம் மட்டும். ஒன்றைத் தொட்டால் மற்றது கொஞ்சம் மாறும், அதனால் இரண்டுக்கும் மாறி மாறிப் போய்வர வேண்டும்.

கண்ணால் பார்க்க விரும்புபவர்களுக்குக் கலர்ட்யூன் என்று கண்ணாடி வைத்த பிளக் கிடைக்கிறது. சிலிண்டருக்குள் நெருப்பு மஞ்சளிலிருந்து நீலத்துக்கு மாறுவதை முதன்முதலில் பார்த்தபோது என் மகளைக் கூப்பிட்டுக் காட்டினேன். அந்திவேளையில் செய்தால் நிறம் தெளிவாகத் தெரியும்.

கடைசியாக இரண்டு கிளாம்ப்பையும் இறுக்கி, காற்றை மறுபடி ஒருமுறை கேளுங்கள். இறுக்கும்போது அசைந்திருக்கலாம்.

பின்சேர்க்கை 1: எல்லாம் சொன்னபடி செய்தும் பிஸ்டன் ஒட்டுகிறது என்று இருவர் எழுதியிருந்தார்கள். இருவருமே துடைப்பதற்காக இரண்டு கார்புரேட்டரையும் ஒன்றாகப் பிரித்தவர்கள். ஒவ்வொரு பிஸ்டனும் அதனதன் கூண்டுக்கு இழைத்துச் சேர்த்தது, மாற்றிப் போட்டால் ஓடாது. ஒன்றை முடித்துப் பூட்டிய பிறகே அடுத்ததைத் திறக்க வேண்டும்.

பின்சேர்க்கை 2: ட்யூன் செய்த மூன்றாவது வாரம் பெட்ரோல் வாடை வருவதாக ஒரு வாசகர் கேட்டார். 2021 செப்டம்பரிலிருந்து இங்கே சாதாரண பெட்ரோல் இ10, பத்து சதவீதம் வரை எத்தனால். பழைய ரப்பர் ஹோஸை அது அரித்துவிடும். நான் சூப்பர் இ5 மட்டுமே போடுகிறேன். ஹோஸை எத்தனால் தாங்கும் வகையாக மாற்றியும் விட்டேன். கார்புரேட்டருக்கு நேர் கீழே சூடான எக்ஸாஸ்ட் இருக்கிறது. வாடை வந்தால் வண்டியைக் கிளப்பாதீர்கள், ஹோஸை விரலால் வளைத்துப் பாருங்கள். வெடிப்பு வளைவில்தான் தெரியும்.