பிள்ளைக்கு மாத்திரை தொடங்கும் முன்

ஓரிடத்தில் உட்காருவதில்லை, பக்கத்துப் பையனை அடிக்கிறான், தொட்டதற்கெல்லாம் அழுகிறான் என்று பள்ளியிலிருந்து புகார் வந்துகொண்டே இருந்தால், 'மருந்து கொடுக்கலாமா, வேண்டாமா?' என்ற பேச்சு வீட்டில் எழுந்துவிடும். அப்படிப் பொத்தாம்பொதுவாகக் கேட்பதுதான் முதல் தவறு. எந்தத் தொல்லைக்கு, எந்த மருந்து, எத்தனை வாரம் கொடுத்துப் பார்ப்பது என்று கேட்டால் மருத்துவரும் நேராகப் பதில் சொல்வார்.

குழந்தையின் நடத்தை முழுவதையும் சரிசெய்யும் மருந்து என்று ஒன்று கிடையாது. ஏடிஎச்டி எனப்படும் கவனக் குறைபாட்டுக்குத் தரும் மெத்தில்ஃபெனிடேட், துறுதுறுப்பைக் குறைத்துக் கவனத்தைக் கூட்டும். எழுத்துக் கூட்டிப் படிக்கத் திணறும் பிள்ளைக்கு வாசிப்பைக் கற்றுத்தராது. ஆட்டிசம் உள்ள குழந்தையின் கடும் எரிச்சலை ரிஸ்பெரிடோன் தணிக்கும், பேச்சை வரவழைக்காது. பேச்சு வரும் என்று நம்பிக் கொடுத்துவிட்டு, பிறகு மருந்தைத் திட்டிப் பயனில்லை.

காரணத்தைத் தேடாமல் மாத்திரைக்குத் தாவுவது இன்னொரு தவறு. காது மந்தமான குழந்தையும் 'சொல் பேச்சு கேட்காத' குழந்தையாகத்தான் தெரியும். மூக்குக்குப் பின்னால் உள்ள அடினாய்டு சதை வீங்கி இரவெல்லாம் குறட்டை விடும் பிள்ளை, பகலில் தூங்கி வழியாமல் சிடுசிடுப்பும் ஓட்டமுமாக இருக்கலாம். சில நொடிகள் வெறித்துப் பார்த்துவிட்டு மீளும் ஒருவகை வலிப்பு, வகுப்பில் 'பகல் கனவு' என்று பெயர் வாங்கும். ஏடிஎச்டி என்று முடிவு கட்ட, அறிகுறிகள் 12 வயதுக்கு முன்பே தொடங்கி, ஆறு மாதமாவது நீடித்து, வீடு, பள்ளி என ஒன்றுக்கு மேற்பட்ட இடங்களில் தெரிய வேண்டும். கணக்கு வகுப்பில் மட்டும் அடங்காத பையன் என்றால், அந்த வகுப்பில் என்ன நடக்கிறது என்று விசாரியுங்கள். ஆறு வயதுக்குக் கீழே என்றால் பெற்றோருக்கான நடத்தைப் பயிற்சியே முதல் சிகிச்சை. இங்கே பலருக்கு அப்படி ஒன்று இருப்பதையே யாரும் சொல்வதில்லை.

'மூளை மழுங்கிவிடும், அடிமையாகிவிடுவான்' என்று பயந்து ஆண்டுக்கணக்கில் தள்ளிப்போடுவதும் தவறே. 1999இல் வெளியான அமெரிக்க ஆய்வு ஒன்றில், ஏடிஎச்டி உள்ள 579 குழந்தைகளை 14 மாதம் கவனித்தார்கள். அறிகுறிகளைக் குறைப்பதில், கண்காணிப்போடு கொடுத்த மருந்து நடத்தைப் பயிற்சியை முந்தியது. அதே குழந்தைகளைப் பின்னர் தொடர்ந்து பார்த்தபோது அந்த முந்துதல் மங்கிவிட்டது. இரண்டு செய்திகளையும் சேர்த்தே படிக்க வேண்டும். மருந்து பயன் தரும். ஆனால் தொடங்கிவிட்டு மறந்துவிடக் கூடாது.

பெரும்பாலான வீடுகளில் கோட்டைவிடுவது இந்தக் கண்காணிப்பைத்தான். காலையில் மெத்தில்ஃபெனிடேட் போட்ட பிள்ளையின் சாப்பாட்டு டப்பா மாலையில் அப்படியே திரும்பி வரும். அது அடம் அல்ல; மருந்து பசியை அடக்கியிருக்கிறது. மாத்திரைக்கு முன்பே இட்லி, முட்டை என்று வயிறு நிறையக் கொடுத்துவிடுங்கள். மருந்தின் வேகம் தணிந்தபின் இரவிலும் ஒரு வாய் கூடுதலாக ஊட்டலாம். டப்பாவில் மிஞ்சியது, தூங்கிய நேரம், வீட்டுப்பாடத்துக்கு உட்கார்ந்த நிமிடங்கள் ஆகிய மூன்றையும் நோட்டில் எழுதிக் கொண்டுபோனால், 'பரவாயில்லை டாக்டர்' என்பதைவிட மருத்துவருக்கு அது ஆயிரம் மடங்கு உதவும். எடை, உயரம், ரத்த அழுத்தம் பார்க்காமலே மருந்துச் சீட்டு நீட்டினால், அவற்றைப் பார்க்கும்படி கேளுங்கள். ரிஸ்பெரிடோனில் நேர்மாறாகப் பசி கூடி எடை ஏறும்.

மனச்சோர்வுக்கு ஃப்ளுவாக்ஸெடின் தொடங்கினால் பலன் தெரியச் சில வாரங்கள் ஆகும். அதற்குள் தற்கொலை எண்ணம் தலைதூக்குகிறதா என்று கூர்ந்து பார்க்க வேண்டும். அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2004இல் இதற்காகவே எச்சரிக்கை விடுத்தது. பேச்சிலோ நடத்தையிலோ மாற்றம் தெரிந்தால் அடுத்த தேதிக்குக் காத்திருக்காமல் அன்றே மருத்துவரை அழையுங்கள். 14416 என்ற டெலி மானஸ் (அரசின் மனநல உதவி) எண்ணில் தமிழிலேயே பேசலாம்.

சரியாகிவிட்டான் என்று நீங்களாகவே மாத்திரையை நிறுத்தவும் வேண்டாம். ஏடிஎச்டிக்குத் தரும் இன்னொரு மருந்தான குளோனிடின் போன்றவற்றைச் சட்டென்று விட்டால் ரத்த அழுத்தம் எகிறிவிடும். அளவைப் படிப்படியாக மருத்துவர்தான் குறைக்க வேண்டும்.