இனண்டேட்: பிரித்துப் பார்த்தால் மறக்காது

என்னிடம் ஆங்கிலம் படிக்க வரும் பிள்ளைகள் அடிக்கடி மறக்கும் சொல் இனண்டேட் (inundate). 'வெள்ளம் சூழ்ந்து மூழ்கடிப்பது' என்று அகராதி பார்த்து எழுதிக்கொள்வார்கள். அடுத்த வாரம் கேட்டால் விழிப்பார்கள். மனப்பாடம் வேண்டாம், சொல்லைப் பிரியுங்கள்.

நோட்டில் 'இன்' (in), 'உண்டா' (unda) என்று தனித்தனியாக எழுதுங்கள். இரண்டும் லத்தீன். இன் என்றால் உள்ளே, மேலே. உண்டா என்றால் அலை. தண்ணீரையும் அப்படிச் சொல்வதுண்டு. குமரி மாவட்டத்தில் என் பாட்டி "குடிக்க கொஞ்சம் வெள்ளம் தா மக்கா" என்பார். சொம்புத் தண்ணீரும் வெள்ளம், ஊரை அடிப்பதும் வெள்ளம். உண்டாவும் அப்படித்தான். சேர்த்துப் படியுங்கள்: அலை ஏறி வந்து நிலத்தை மூடுகிறது. 2004 சுனாமியில் கடல் கரை தாண்டி எவ்வளவு தூரம் உள்ளே வந்தது என்று அளந்தார்களே, அதற்கு இனண்டேஷன் தூரம் என்றுதான் பெயர்.

அப்புறம் சொந்தக்காரர்களைத் தேடுங்கள். அபண்டன்ஸ் (ஏராளம்), ரிடண்டன்ட் (தேவைக்கு மிஞ்சியது) இரண்டிலும் உண்டா இருக்கிறது. இரண்டும் பொங்கி வழிவதில் பிறந்தவை. எனக்கு மிகவும் பிடித்தது சரவுண்ட். ஆங்கிலத்துக்கு வந்த புதிதில் அதற்கு நிரம்பி வழிவது, வெள்ளத்தில் மூழ்கடிப்பது என்றே பொருள். ரவுண்ட் என்ற சொல்லின் சாயல் ஒட்டிக்கொண்டு, பிறகுதான் 'சுற்றி நிற்பது' ஆனது. நாலு பக்கமும் தண்ணீர் நிற்கும் வீட்டை நினைத்துப் பாருங்கள், இரண்டு பொருளும் ஒன்றாகத் தெரியும். சமஸ்கிருத உதகமும் நாம் சொல்லும் சமுத்திரமும்கூட உண்டாவுக்குத் தூரத்து உறவுதான்.

சரி, வாக்கியத்தில் போடுவோம். 'மழை இனண்டேட் ஆனது' என்று எழுதாதீர்கள். மழை பெய்யும், வயலும் தெருவும்தான் இனண்டேட் ஆகும். கொட்டித் தீர்க்கும் மழையைச் சொல்ல டெல்யூஜ் இருக்கிறது. உச்சரிக்கும்போது முதல் அசையை அழுத்துங்கள்: இ-னண்-டேட்.

தண்ணீரே இல்லாத இடத்திலும் இந்தச் சொல் வரும். ஓர் அலுவலகம் கடிதங்களால் இனண்டேட் ஆனது என்று படித்தால், தமிழில் 'கடிதங்களில் மூழ்கியது' என்று எழுத வேண்டாம். கடிதங்கள் குவிந்தன என்று எழுதுங்கள். கடிதங்களுக்குப் பதில் போன் அழைப்புகள் என்றால், போன் ஓயாமல் அடித்துக்கொண்டே இருந்தது என்று எழுதுங்கள்.