ஏழு சதவீதம் காட்டிய கட்டுரை

கல்லூரி வேலை போக மீதி நேரத்தில் ஒரு சிறிய தமிழியல் காலாண்டிதழைப் பார்த்துக்கொள்கிறேன். இரண்டாம் ஆண்டில் நெய்தல் திணை பற்றி ஒரு கட்டுரை வந்தது. கருத்துத் திருட்டைக் கண்டுபிடிக்கும் மென்பொருளில் போட்டோம், மற்ற எழுத்துகளோடு ஒப்புமை 7 சதவீதம் என்றது. அச்சுக்கு அனுப்பிவிட்டோம். இதழ் வெளியாகி ஒன்றரை மாதம் இருக்கும், ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவரிடமிருந்து கூரியரில் ஒரு ஜெராக்ஸ் கட்டு வந்தது. பழைய கருத்தரங்கக் கோவை ஒன்றில் அவர் எழுதிய கட்டுரை. நாங்கள் போட்டது பத்திக்குப் பத்தி அதுதான். மேலே ஒரு வரி எழுதியிருந்தார்: "தம்பி, கால்புள்ளியையாவது மாற்றியிருக்கலாம்."

அந்தக் கோவை இணையத்தில் எங்கும் இல்லை. இல்லாததோடு மென்பொருள் எதை ஒப்பிடும்? அன்றிலிருந்து நான் செய்கிற முறையைச் சொல்கிறேன். சின்ன இதழ் நடத்துகிறவர்களுக்குப் பயன்படும்.

முதலில், கட்டுரையை யூனிகோடு வேர்டு கோப்பாகத்தான் வாங்குங்கள். டி.டி.பி. கடையில் யூனிகோடு அல்லாத பாமினி எழுத்துருவில் அடித்த பிடிஎஃப் வந்தால், கண்ணுக்குத் தமிழாகத் தெரிவது மென்பொருளுக்கு ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியும் கலந்த குப்பைதான். முழுக்கக் காப்பி அடித்தது கூட 0 சதவீதம் என்று வரலாம். வேண்டுமென்றே இப்படி அனுப்புகிறவர்களும் உண்டு.

கூடவே எழுத்தில் இரண்டு உறுதி கேளுங்கள். இது ஆய்வேட்டிலிருந்து எடுத்ததா, முன்பு எங்காவது ஏதாவது வடிவத்தில் வந்திருக்கிறதா. சொல்லிவிட்டால் ஒரு குற்றமும் இல்லை, முதல் பக்க அடிக்குறிப்பில் போட்டுவிடலாம். சொல்லாமல் பிறகு தெரிந்தால்தான் சங்கடம்.

அடுத்து ஒப்புமை அறிக்கை. பல்கலைக்கழக மானியக் குழு (யுஜிசி) 2018-இல் கொண்டுவந்த கருத்துத் திருட்டுத் தடுப்பு விதிமுறையில் 10 சதவீதம் வரை தண்டனை இல்லை. அதற்கு மேல் 40 வரை, 60 வரை, 60-க்கு மேல் என்று மூன்று நிலைகள். "பத்துக்குக் கீழேதான் சார் இருக்கு" என்று தொலைபேசியில் சொல்லாத ஆளில்லை. அந்த அட்டவணை கல்வி நிறுவனம் தண்டனை முடிவு செய்வதற்கு. ஒரு கட்டுரையைப் போடலாமா என்பதற்கு அது அளவுகோல் அல்ல. தற்செயலாகச் சேரக்கூடிய சொற்கள் என்று தொடர்ந்து 14 சொல் வரை விட்டுவிடலாம் என்றும் அதில் இருக்கிறது. ஆங்கிலத்துக்கு அது சரி. தமிழில் ஒட்டி ஒட்டி எழுதும் 14 சொல் என்றால் ஏறக்குறைய இரண்டு குறள் நீளம். அவ்வளவும் தற்செயலாகவா ஒத்துப்போகும்?

எனவே எண்ணைப் பார்க்காதீர்கள், வண்ணம் தீட்டிய இடங்களைப் பாருங்கள். புறநானூறு பற்றிய ஒரு கட்டுரைக்கு 38 சதவீதம் வந்தது. எல்லாம் பாடல் வரிகள். மேற்கோள் குறி போடாமல் உள்தள்ளி அடித்திருந்ததால் மென்பொருள் விலக்கவில்லை. நல்ல கட்டுரை, போட்டோம்.

அப்புறம் கண்ணால் படிப்பதுதான். இங்கேதான் நேரத்தைச் செலவழிக்க வேண்டும். முதலில் துணைநூற்பட்டியலைப் பாருங்கள். போன வருடம் எழுதிய கட்டுரையில் கடைசி மேற்கோள் 1984-ஐத் தாண்டவில்லை என்றால் மூலமும் அந்த வருடத்தைச் சேர்ந்ததாக இருக்கலாம். "இந்நூல் இன்னும் அச்சேறவில்லை" என்று ஒருவர் எழுதியிருந்தார். அந்த நூலின் மூன்றாம் பதிப்பு என் மேசையில் இருந்தது. பழைய நூலில் இருந்த தவறான பாடல் எண் அப்படியே வந்திருந்தால் அதைவிடச் சாட்சி வேண்டாம். சந்தேகம் வந்தால், மேற்கோள் காட்டிய மூன்று பக்கங்களைப் படம் எடுத்து அனுப்பச் சொல்வேன். உண்மையில் புத்தகத்தைப் பார்த்தவர் மறுநாளே அனுப்பிவிடுவார்.

ஆங்கிலத்திலிருந்து இயந்திரம் வழியாகப் பெயர்த்துக்கொண்டு வருவது இப்போது அதிகம். சங்கப் பாடல் கட்டுரையில் "கதாநாயகியின் நண்பி பேசுகிறாள்" என்று இருந்தால் என்ன அர்த்தம்? தமிழ் படித்த யாரும் தோழி கூற்றை அப்படி எழுதமாட்டார்கள். இது நமக்கு மட்டும் உள்ள நோய் அல்ல. 'செயற்கை நுண்ணறிவு' என்பதற்கான ஆங்கிலத் தொடர் 'போலி உணர்வுநிலை' என்கிற மாதிரி மாறிக் கிடந்த அறிவியல் கட்டுரைகளை 2021-இல் பிரெஞ்சுக் கணினி அறிஞர் கியோம் கபனாக்கும் அவருடைய சகாக்களும் எடுத்துக் காட்டினார்கள். மென்பொருளை ஏமாற்றச் சொல்லுக்குச் சொல் மாற்றியதில் வந்த வினை.

சரி, பிடிபட்டுவிட்டது. முதல் காரியம், யாரிடமும் பேசாமல் இருப்பது. வாட்ஸ்அப் குழுவில் ஒரு வார்த்தை போனால் போதும், நீங்கள் நீதிபதி இல்லை, எதிர்க்கட்சி ஆகிவிடுவீர்கள். இரண்டு நெடுவரிசை கொண்ட அட்டவணை போடுங்கள்: இடப்பக்கம் வந்த கட்டுரை, வலப்பக்கம் மூலம், பக்க எண்ணோடு. பிறகு கட்டுரையாளருக்குக் கடிதம். 'திருட்டு' என்ற சொல்லே அதில் வரக்கூடாது. "இவ்விரண்டு பகுதிகளுக்கும் உள்ள ஒற்றுமைக்கு விளக்கம் தேவை" என்று கேட்டால் போதும். பெயர் போட்ட எல்லோருக்கும் அனுப்புங்கள். ஆய்வு நெறியாளருக்குத் தெரியாமலே அவர் பெயர் இருப்பது உண்டு. நான் மூன்று வாரம் அவகாசம் தருகிறேன்.

பதில்கள் பலவிதம். தட்டச்சு செய்தவர் அடிக்குறிப்பை விட்டுவிட்டார் என்பது வழக்கமானது. தமிழ் மரபில் யார் சொன்னது என்று குறிப்பிடும் பழக்கமே இல்லை என்று ஒருவர் வாதிட்டார். தொல்காப்பியத்தில் "என்மனார் புலவர்", அதாவது 'என்று சொல்வார்கள் புலவர்கள்', எத்தனை இடத்தில் வருகிறது என்று எண்ணிப் பார்க்கச் சொன்னேன். இளம் ஆய்வாளர் ஒருவர் இரண்டு பத்தியில் சான்று விட்டிருந்தால் திருத்தி வாங்கிக்கொள்கிறேன்; அவருக்கு யாரும் சொல்லித் தந்திருக்கமாட்டார்கள். கட்டுரையே வேறொருவருடையது என்றால் நிராகரிக்க வேண்டும்; விளக்கம் சரியில்லை அல்லது பதிலே இல்லை என்றால், கட்டுரையாளருடைய நிறுவனத்துக்கும் எழுத வேண்டும். தண்டிப்பது அவர்கள் வேலை. 1997-இல் பிரிட்டனில் தொடங்கிய பதிப்பு நெறிமுறைக் குழு, அதாவது கோப், இதற்கெல்லாம் படிப்படியான வரைபடங்களை இலவசமாக வைத்திருக்கிறது. அதை அச்செடுத்து அலமாரிக் கதவில் ஒட்டியிருக்கிறேன்.

வெளிவந்த பிறகு தெரிந்தால், இணையத்திலிருந்து சத்தமில்லாமல் அழித்துவிடாதீர்கள். கட்டுரை அங்கேயே இருக்கட்டும், ஒவ்வொரு பக்கத்திலும் 'திரும்பப் பெறப்பட்டது' என்ற முத்திரையோடு. என்ன காரணம், யார் திரும்பப் பெறுகிறார்கள், மூலம் யாருடையது என்று அறிவிப்பில் சொல்லுங்கள். அச்சிதழானால் அடுத்த இதழில், பொருளடக்கத்திலேயே அந்த அறிவிப்பு வர வேண்டும்.

நெய்தல் கட்டுரைக்கு அப்படித்தான் செய்தோம். சந்தா கட்டியிருந்த நூலகங்களுக்கு, பழைய இதழில் ஒட்ட ஒரு சீட்டும் தபாலில் அனுப்பினோம். அப்புறம் இரண்டு நூலகங்களில் போய்ப் பார்த்தேன். ஒன்றில் ஒட்டியிருந்தது.