வாடகை வீட்டை விற்கிறீர்களா? குடியிருப்பவரிடம் முதலில் கேளுங்கள்

வாடகைக்கு விட்ட வீட்டை விற்க முடிவெடுத்தால், தரகரிடம் சொல்வதற்கு முன் குடியிருப்பவரிடம் "வாங்கிக்கொள்கிறீர்களா?" என்று ஒரு வார்த்தை கேளுங்கள்.

மோட்டார் எப்படி ஓடும், மழைக்கு எந்தச் சுவர் ஊறும் என்பதெல்லாம் அவருக்குத் தெரியும். அதனால் பேரம் சீக்கிரம் முடியும். 60 லட்சம் ரூபாய் வீட்டுக்கு 1% கமிஷன் என்றாலே 60,000 ரூபாய் மிச்சம். காலி செய்து, வெள்ளையடித்து, ஆள் வரும்வரை வாடகை இல்லாமல் பூட்டி வைக்கும் மாதங்களும் இல்லை. அவர் கொடுத்த அட்வான்ஸைக் கடைசித் தவணையில் கழித்துக்கொள்ளலாம். ஆனால் கிரயப் பத்திரத்தில் முழு விலையும் இருக்க வேண்டும், கழித்த தொகையை ஒப்பந்தத்தில் எழுதிவிடுங்கள். விலை 50 லட்சமோ அதற்கு மேலோ என்றால் வாங்குபவர் விலையில் 1% டிடிஎஸ், அதாவது உங்கள் பெயரில் அரசுக்குக் கட்டும் வருமான வரி, பிடிப்பார் (விற்பவர் வெளிநாட்டில் வசித்தால் கணக்கே வேறு).

அவருக்கு வங்கிக் கடன் கிடைப்பது உறுதியாகாவிட்டால் இதற்காகக் காத்திருக்காதீர்கள். பழைய வீடு, மனைக்குத்தான் மதிப்பு என்றாலும் இது சரிவராது; அப்போது பில்டர் தரும் விலையே பெரும்பாலும் கூடுதலாக இருக்கும்.